மாறு சொல்லும் வரை

ஜீவராணியின் தலையணை நடுவில் குழி விழுந்திருந்தது. அவள் இன்னும் அதைத் தொடவில்லை.

மடிக்கணினியின் திரையில்தான் அதைக் கண்டாள். மூன்று கட்டங்களில் மாணவர்கள். நான்காவது கட்டம் அவளுடைய கைபேசி. செய்து காட்டும்போது கைகள் தெரிய வேண்டும் என்பதற்காக அதை ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் கட்டி, திரையும் முன் கமராவும் தரையைப் பார்க்கத் திருப்பியிருந்தாள். கீழே, வெள்ளை விரிப்பில் இறுக்கிச் சுற்றிய தலையணை, ஒரு மனிதரின் நெஞ்சளவுக்கு. அதன் நடுவே உள்ளங்கை ஊன்றிய அளவில் ஒரு பள்ளம்.

திரும்பிப் பார்த்தாள். மேசைக்கும் தலையணைக்கும் நடுவே ஏழெட்டு அடி. வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் ரியூஷனில். கணவர் கட்டாரில். கதவின் இரண்டு தாழ்களையும் அவளே போட்டிருந்தாள்.

எழுந்து போய்த் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. மூன்று நாளாக விடாத மழை. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் மூன்றாம் மாடியில், உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் வானமும் கடலும் ஒரே சாம்பலாகக் கிடக்க, கீழ்க் கடையில் வடை பொரியும் எண்ணெய் வாசனையும் நனைந்த நாயின் வாசனையும் படியேறி வந்து கதவின் கீழால் நுழைந்து, காலையில் அவள் தரை துடைத்த கிருமிநாசினியோடு கலந்து, வீடு முழுக்க ஒரு வார்டின் வாசனையாகத் திரண்டு நின்றது.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கான பயிற்சி அது. மாணவர்கள் எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். நிற்கிற இடத்திலிருந்தே வகுப்பில் சேர்வார்கள். இன்று நெஞ்சழுத்தம். இதயம் நின்றவரின் மார்பில் கையூன்றி, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, முப்பது தரம், மறுபடி முப்பது தரம். எல்லாக் கமராக்களும் கைகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தலைகள் படத்துக்கு வெளியே. அவளுக்குத் தேவை முழங்கையும் ஆழமும்தான்.

"மிஸ், எங்கட நானா தலகாணியத் தேடுறாரு," என்றாள் றுஷ்னா, கொம்பனித்தெருவிலிருந்து. அவள் எடுத்து வைத்திருந்தது அண்ணனின் தலையணை. "மௌத்தாப் போச்சுண்டு சொல்லவா?"

"முதல்ல காப்பாத்திப் பாருடி," என்றாள் லவினா. கொட்டாஞ்சேனைக்காரி. "சரிவராட்டி அடக்கம் பண்ணுவம்."

"என்னோட தலகாணிக்கு எங்க வார்டன் பேரு வச்சிருக்கேங்க," என்றான் யோகராஜ். நுகேகொடையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவன், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். "அழுத்த ஆசையா இருக்கு மிஸ்."

"முழங்கையை மடிக்காதீங்கோ யோகராஜ். கதை பிறகு. எல்லாரும் சேர்ந்து எண்ணுங்கோ. நான் 'மாறு' சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் கையை எடுக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில் இருவர் மாறி மாறி அழுத்துவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பொறுப்பாளர் 'மாறு' என்பார். ஒருவர் கையை எடுக்க, அதே இடத்தில் மற்றவர் கை விழும். வீட்டில் தலையணையோடு தனியே இருப்பவருக்கு மாற ஆளில்லை. ஆனாலும் சொல்லை அவள் விடவில்லை. அதைச் சொல்லும் உரிமை பொறுப்பாளருக்கு மட்டும். அதற்கு முன் நிறுத்துவது கொலை. ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே அவள் சொல்லிவிடும் வாசகம் அது.

டேட்டா மிச்சம் பிடிக்க முகக் கமராவை அணைத்தாள். இனி மாணவர்கள் காண்பது அவளுடைய தலையணையை மட்டும். மேசையில் இருந்த சிறிய மணிக்கூட்டில் இரண்டு நிமிடம் வைத்தாள்.

"தொடங்குங்கோ."

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வீடுகளிலிருந்து மூன்று குரல்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி தாமதித்து வந்தன. றுஷ்னா நாலு என்னும்போது யோகராஜ் மூன்றில் நின்றான், லவினாவின் பின்னால் ஒரு கோயில் மணியோ குக்கர் விசிலோ கேட்டது, றுஷ்னாவின் வீட்டில் யாரோ மீன்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மழை. அந்த இரைச்சல் அவளுக்கு வேண்டியிருந்தது. இரைச்சல் இருந்தால் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள்.

பதினெட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

ட்டக்.

காய்ந்த சுள்ளியை ஈரத் துணிக்குள் வைத்து ஒடித்தது போல. பத்து வருடம் வார்டில் நின்றவள் அவள். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தும்போது விலா எலும்பு ஒடிகிற சத்தம். தலையணைக்கு விலா எலும்பு கிடையாது.

"ஆரின்ட பக்கம் அது?"

"எது மிஸ்?"

"ஏதோ ஒடிஞ்ச மாதிரி. கட்டிலா, பலகையா?"

"நான் சிமெந்துத் தரையில," என்றாள் லவினா.

"எங்கட தரை டைல்ஸ் மிஸ்."

யோகராஜ் மூச்சு வாங்கினான். "ஒடியிறதுன்னா என் முதுகுதாங்க."

சிரிப்பு. எண்ணிக்கை தொடர்ந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. ட்டக். இம்முறை அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. காற்று. குழாயில் தண்ணீரோடு காற்று ஏறுவது போல் களகளவென்று ஒரு மூச்சு.

யாருடைய கட்டத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. அவளுடைய விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது.

ஒரு வருடமாக அதை அவள் தொட்டதில்லை. எல்லோருடைய மைக்கையும் ஒரேயடியாக மியூட் பண்ணி, தாங்களாகத் திறக்க முடியாமல் பூட்டிவிடும் பொத்தான். முன்பெல்லாம் வகுப்பு தொடங்கியதும் முதல் வேலையே அதுதான். பேச வேண்டியவர் கமராவுக்கு முன் கையை ஆட்டினால் போதும், திறந்துவிடுவாள். அது அவள் போட்ட விதி.

சென்ற வருடக் குழுவில் பேச்சியம்மா இருந்தாள். கொட்டாஞ்சேனையில் எட்வேட் என்ற கிழவரைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டு மேல்மாடியிலேயே தங்கியிருந்தவள். இடது கையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையல். நோயாளியைத் தொடும் கையில் வளையல் கூடாது என்று ஜீவராணி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "கழட்ட வரமாட்டேங்குதுங்க மிஸ். சின்ன வயசுல போட்டது."

அன்றைக்கும் நெஞ்சழுத்தம்தான். எல்லோரையும் பூட்டிவிட்டு ஜீவராணி ஒருத்தியே எண்ணினாள். பேச்சியம்மாவின் கட்டத்தில் இரண்டு கைகளும் முதல் அழுத்திலேயே சரியான ஆழத்துக்கு இறங்கின. முழங்கை மடியவில்லை. வளையல் மட்டும் குதித்தது. "எல்லாரும் பேச்சியம்மாவைப் பாருங்கோ," என்றாள் ஜீவராணி. "இதுதான் ஆழம். நான் மாறு சொல்லும் வரைக்கும் இப்படியே."

அதைச் சொல்லும் முன் வெள்ளவத்தையில் மின்சாரம் போனது. இன்றைக்கு வகுப்பு இவ்வளவுதான் என்று குழுவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுத் தேநீர் வைத்தாள்.

பேச்சியம்மா தலையணையை அழுத்தவில்லை. வகுப்பு தொடங்கும் நேரம் கிழவர் அவளுடைய காலடியில் விழுந்திருந்தார். கைபேசி ஏற்கெனவே தரையைப் பார்த்து நின்றது. அவள் மிஸ்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அழுத்தினாள். மைக் பூட்டியிருந்தது. கையை ஆட்டினால் மிஸ் பார்ப்பார். கையை எடுத்தால் ஐயா செத்துவிடுவார். அவள் கையை எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் அழுத்தினாள்.

மகன்மார் இரண்டு பேரும் வந்தபோது தகப்பனின் நெஞ்சு உள்ளே போயிருந்தது, வாயில் இரத்தம், மேலே அவள். முடியைப் பிடித்து மரப் படிகளில் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். பதினேழு படிகள். ஒவ்வொன்றிலும் தலை இறங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கடைசிவரை அவளுடைய இரண்டு கைகளும் படுக்கையை அழுத்திக்கொண்டிருந்தன என்று அங்கே வேலை செய்யும் ஒரு சிநேகிதி சொன்னாள். "நிப்பாட்டச் சொன்னா, மிஸ் இன்னும் மாறு சொல்லலன்னு சொல்லிச்சு ஜீவா. ஆர் அந்த மிஸ்?"

வகுப்பின் பதிவு ஜீவராணியிடம் இருந்தது. ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். பேச்சியம்மாவின் குரல் இல்லை, வெறும் படம். கைகளுக்குக் கீழே பனியன், நரைத்த நெஞ்சுமயிர், ஓரத்தில் ஒரு பாதம். வகுப்பு நடக்கும்போதே அந்தப் பாதத்தைக் கண்டது போலவும் இருந்தது, காணாதது போலவும் இருந்தது. அழித்தாள். வரவுப் பதிவில் பேச்சியம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த சரி அடையாளத்தையும் அழித்தாள். விசாரணையில் கேட்டார்கள். அன்றைக்கு அவள் வகுப்புக்கு வரவில்லை என்றாள். எழுதிக்கொண்டார்கள். மற்ற மாணவர்களை யாரும் கேட்கவில்லை. கிழவரைக் கொன்றவள் பேச்சியம்மா என்று அது முடிந்தது.

ட்டக்.

ஜீவராணி பொத்தானை அழுத்தினாள்.

மூன்று குரல்களும் ஒரே வெட்டில் நின்றன. மழை மட்டும். எங்கோ ரயில் வரும் அதிர்வு ஜன்னல் கண்ணாடியில் ஏறியது. மூன்று கட்டங்களிலும் ஆறு கைகள் சத்தமில்லாமல் இறங்கி எழுந்துகொண்டிருந்தன. எண்ணிக்கை இல்லாவிட்டால் தாளம் குலைந்துவிடும் என்பதால் அவளே எண்ணினாள். ஒன்று. இரண்டு.

ட்டக்.

மடிக்கணினியிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து.

திரும்பவில்லை. திரையில் நான்காவது கட்டத்தைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு. அதன்மேல் இரண்டு கைகள். ஒன்றன்மேல் ஒன்று கோத்த விரல்கள். நீட்டிய முழங்கை. கரிய, மெலிந்த கைகள். அவள் ஐந்து என்றாள், கைகள் இறங்கின. ஆறு என்றாள், இறங்கின. மஞ்சள் வளையல் குதித்தது.

ஏழு சொல்லவில்லை. கைகள் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கதிரை. தரை. தலையணை. யாரும் இல்லை. தலையணை மட்டும் தானாகக் குழிந்து, எழுந்து, குழிந்தது. குழியில் விரிப்பு நனைந்திருந்தது. முதலில் தண்ணீர் என்று நினைத்தாள். சிவந்துகொண்டு வந்தது.

திரையின் ஓரத்தில் எழுத்துகள் வந்தன. யார் கையை எடுத்து எழுதுகிறார்கள் என்று பார்த்தாள். ஒற்றைக் கையால் அழுத்தியபடி லவினா.

'மிஸ், இப்ப ஆழம் நல்லா விளங்குது.'

றுஷ்னா: 'வளையல் புதுசா மிஸ்?'

யோகராஜ்: 'வளையல் கழட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க.'

அவர்களுக்கும் தெரிகிறது.

கைபேசியின் கட்டத்தை வகுப்பிலிருந்து நீக்கினாள். போனது. வந்தது. மறுபடி நீக்கினாள். வந்தது. வகுப்பையே முடிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. விரலைக் கழற்றிவிடுவது போல அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. வெளியே போகலாம். கதவு தலையணைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

விரிப்புக்குள் ஏதோ வடிவம் கூடிக்கொண்டு வந்தது. தோள் போல ஒன்று. பனியனின் விளிம்பு. திரையின் ஓரத்தில், டைல்ஸ் மேல், ஒரு பாதம். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அன்றைக்கும் கறுத்திருந்தது. அன்றைக்கே கண்டாள். இப்போது தெரிந்தது. அன்றைக்கே கண்டாள்.

களகள மூச்சு.

மணிக்கூடு அடித்தது.

இரண்டு நிமிடம். மூன்று கட்டங்களிலும் கைகள் நிற்கவில்லை. யோகராஜின் முழங்கை நடுங்கியது. றுஷ்னாவின் மணிக்கட்டு வளைந்தது. மூவரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். நான்காவது கட்டத்திலும் கைகள் நிற்கவில்லை. வியர்வை சொட்டிச் சொட்டி விரிப்பில் விழுந்தது. நடுக்கம் இல்லை. களைப்பு மட்டும். ஒரு வருடக் களைப்பு.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அல்லது விளங்கியது என்று நினைத்தாள். வந்தவளுக்கு வேண்டியது அவளுடைய உயிர் அல்ல. ஒரு சொல். சொல்லாமல் விட்ட சொல்.

திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பேச்சியம்மா," என்றாள். "நீ வகுப்புக்கு வந்தனி. நான் கண்டனான்." பிறகு சொன்னாள். "மாறு."

கைகள் நின்றன.

விரிப்பிலிருந்து எழுந்தன. மெல்லப் படத்துக்கு வெளியே போயின. மற்ற மூன்று கட்டங்களிலும் கைகள் எழுந்தன. யோகராஜ் விரல்களை உதறினான். றுஷ்னா தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். தலையணை, தலையணையாகக் கிடந்தது. விரிப்பு வெள்ளை. ரயில் கடந்து போனது. ஜன்னல் அதிர்ந்து ஓய்ந்தது.

ஜீவராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குகளைத் திறக்கப் போனாள்.

திரையின் நடுவே ஒரு வரி இருந்தது.

நீங்கள் இப்போது ஹோஸ்ட் இல்லை.

வகுப்பின் பொத்தான்கள் இனி அவளுடையவை இல்லை. அவளுடைய மைக்கின் மேல் சிவப்புக் கோடு. அழுத்தினாள். திறக்கவில்லை.

மாறு என்றால் நிறுத்து என்று பொருள் இல்லை. இத்தனை வருடம் அவளே சொல்லிக்கொடுத்தது. ஒருவர் போக, அந்த இடத்துக்கு இன்னொருவர் வர வேண்டும்.

முதலில் முடி. பின்னாலிருந்து, வேரோடு. அவள் இருந்த கதிரை சரிந்தது. பின்மண்டை தரையில் அடித்தது. இழுபட்டாள். டைல்ஸ் ஒவ்வொன்றின் விளிம்பிலும் தலை இறங்கியது. தரை தட்டைதான். ஆனாலும் தலை படிபடியாக இறங்கியது. பதினேழு. காதுக்குள் சூடாக ஏதோ வழிந்தது. தலையணை உதைபட்டுச் சுவரில் போய் விழுந்தது. அது இருந்த இடத்தில் அவள் கிடந்தாள்.

எழ முயன்றாள். இரண்டு முழங்கால்கள் அவளுடைய இரண்டு புயங்களின் மேல் ஏறின. தோள் மூட்டு ஒன்று கழன்றது. கத்தினாள். கைகளை அசைக்க முடியவில்லை. மேலே யாரும் இல்லை. கதிரையின் முதுகும் கைபேசியும் மட்டும். கைபேசியின் திரை அவளைப் பார்த்திருந்தது.

அதில் நான்கு கட்டங்கள். ஒன்றில் அவளுடைய நீலச் சட்டை, கழுத்து வரை. அவளுடைய நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், சரியாக அதே இடத்தில், இரண்டு கைகள் பொருந்தின. மஞ்சள் வளையல். தலை படத்தில் இல்லை.

முதல் அழுத்து. ஐந்து சென்ரிமீற்றர்.

மேசையிலிருந்து குரல்கள் வந்தன. மூன்று மைக்குகளும் திறந்திருந்தன.

"அட, மிஸ் டம்மி எடுத்திட்டா," என்றாள் லவினா. "சட்டை எல்லாம் போட்டு."

"ஆழத்தப் பாரு," என்றாள் றுஷ்னா.

ட்டக்.

"எலும்பு ஒடையிற சத்தங்கூட வருதே," என்றான் யோகராஜ். "நல்ல வெலை இருக்கும் போல."

அவள் கத்தினாள். மூச்சு இருந்தவரை கத்தினாள். மூவருடைய பெயரையும் சொல்லிக் கத்தினாள். கட்டத்தின் மூலையில் சிவப்புக் கோடு. கையை ஆட்ட வேண்டும். கமராவுக்கு முன் ஒரு விரலையாவது ஆட்ட வேண்டும். புயங்கள் முழங்கால்களுக்குக் கீழே நசிந்துகொண்டிருந்தன. விரல்கள் அசையவில்லை.

ட்டக். ட்டக்.

இடப் பக்கம் ஏதோ உள்ளே குத்தியது. வாய்க்குள் இரும்புச் சுவை நிரம்பியது. இருமினாள். இரத்தம் கண்ணில் விழுந்தது. நீலச் சட்டையின் நடுவே பள்ளம் விழுந்து, எழாமல் நின்றது. கைகள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அழுத்தின.

"மிஸ் எண்ண இல்லையே," என்றாள் றுஷ்னா.

"மாறு சொல்லவும் இல்லை," என்றாள் லவினா.

"அதுக்கு முன்ன நிப்பாட்டுனா கொலைன்னு மிஸ்தானே சொன்னாங்க," என்றான் யோகராஜ். "நாமளே எண்ணுவோம்."

மூன்று கட்டங்களிலும் ஆறு கைகள் மறுபடி தலையணைகளின் மேல் வந்து அமர்ந்தன. தாமதம் இல்லை. ஒரே நேரத்தில், ஒரே ஆழத்துக்கு, நான்கு கட்டங்களிலும் கைகள் இறங்கின. மூன்று வீடுகளிலிருந்து ஒரே குரலாக எண்ணிக்கை வந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே அவளுடைய உதடுகள் அந்த ஒரு சொல்லுக்காக அசைந்தன. உதடுகள் படத்துக்கு வெளியே இருந்தன.

ஒன்று.